கத்தியவாரி குதிரை: திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகளும் என்னோட பதில்களும்

வாரத்துக்கு நாலு பேராவது போன் பண்ணிடறாங்க. "அண்ணா கத்தியவாரி வாங்கலாமா, நம்ம ஊருக்கு செட் ஆகுமா, எவ்ளோ திங்கும்"னு. ஒவ்வொருத்தருக்கா சொல்லி தொண்டை வத்திப் போச்சு, அதான் மொத்தமா எழுதி வச்சிடறேன். நான் டாக்டர் இல்லீங்க, பிரீடரும் இல்ல. ஈரோடு பக்கம் ஒரு தோட்டம், அதுல ஒரு செவலை பொட்டைக் குதிரை, ஒன்பது வருஷமா எங்கூட இருக்கு. அதுகிட்ட கத்துக்கிட்டது, அங்க இங்க படிச்சது, சௌராஷ்டிரா பக்கம் ரெண்டு தடவ போய் பாத்தது, இவ்ளோதான் நம்ம சரக்கு.

கத்தியவாரின்னா எந்த ஊர் குதிரைங்க?

குஜராத் மேப்ப எடுத்துப் பாருங்க. கட்ச் வளைகுடாவுக்கும் கம்பாத் வளைகுடாவுக்கும் நடுவுல அரபிக்கடலுக்குள்ள ஒரு நிலம் துருத்திட்டு இருக்கும். அதான் கத்தியவார், சௌராஷ்டிரான்னும் சொல்றது. ராஜ்கோட், பாவ்நகர், ஜுனாகத், அம்ரேலி, சுரேந்திரநகர் எல்லாம் அதுக்குள்ளதான் வருது. காத்தின்னு ஒரு சமூகம் அங்க இருக்காங்க, அவங்க பேர்தான் நிலத்துக்கும் வந்துச்சு, குதிரைக்கும் வந்துச்சு. பாதி இடம் முள்ளுக்காடும் கல்லுத் தரையும்தான், கோடையில 40 டிகிரிய சர்வசாதாரணமா தாண்டும், மழை ஒழுங்கா வந்தா வரும் இல்லன்னா இல்ல. அந்த ஊர்ல பொழைக்கணும்னா கம்மியா தின்னு, கம்மியா குடிச்சு, நிறைய நடக்கணும். குதிரையும் அப்படியே வார்த்து எடுத்த மாதிரி வந்திருக்கு.

அந்தக் காலத்துல அங்க குட்டி குட்டி சமஸ்தானமா இருந்துச்சு, ஒவ்வொரு ராஜா வீட்டுலயும் தனி வம்சமா குதிரை வளத்தாங்க. அந்த வம்சத்துக்கு பேர் வச்சது அப்பன் குதிரைய வச்சு இல்லீங்க, தாய்க் குதிரைய வச்சு. அப்படி 28 தாய் வழி இருக்குன்னு கணக்கு சொல்றாங்க. நாமெல்லாம் சந்தைக்கு போனா "அப்பன் யாரு, எத்தன இஞ்ச்"னு ஆண் குதிரையவே கேக்குறோம், அவங்க மொதல்ல "தாய் யாரு"ன்னு கேக்குறாங்க. குட்டியோட குணம் பாதி தாய்கிட்ட இருந்து ஒட்டுறதுதான், பக்கத்துலயே நின்னு பாத்து கத்துக்குதுல்ல.

அரபுக் குதிரையோட கலப்புன்னு சொல்றாங்களே?

கலப்பு உண்டு. கப்பல் உடைஞ்சு அரபுக் குதிரைங்க நீந்தி கரையேறி இங்க இருந்ததுகளோட சேந்துச்சுன்னு ஒரு கதை சொல்வாங்க, கேக்க நல்லா இருக்கும், கதையாவே வச்சுக்கங்க. அதெல்லாம் இல்லாமலே மேற்குக் கடற்கரை துறைமுகம் வழியா நூத்துக்கணக்கான வருஷமா அரபுக் குதிரை வந்து எறங்கிட்டேதான் இருந்துச்சு. முகலாயர் காலத்துலயும் சரி வெள்ளைக்காரன் காலத்துலயும் சரி, இங்க இருந்த நாட்டுக் குதிரையோட அத சேத்திருக்காங்க. கண்ணுக்கு கீழ மூக்குத்தண்டு லேசா குழிஞ்சு வர்றது அரபு ஜாடை. ஆனா அந்தக் காது இருக்கு பாருங்க, அது அரபுக் குதிரைக்கு கிடையவே கிடையாது.

பாத்த உடனே எப்படி கண்டுபுடிக்கிறது?

காது. ரெண்டு காதும் உள்பக்கமா வளைஞ்சு நுனியோட நுனி முட்டும், சிலதுல ஒண்ண ஒண்ணு தாண்டியும் நிக்கும். இந்த மாதிரி காதுக்கு பேர் போனது கத்தியவாரியும் ராஜஸ்தான் பக்கத்து மார்வாரியும்தான். சவாரி போறப்ப மேல உக்காந்து பாத்தீங்கன்னா அந்த ரெண்டு காதும் ஒரு வளைவு மாதிரி நிக்கும், அதுக்கு நடுவுல ரோடு தெரியும். எனக்கு காலைல எந்திரிக்க தெம்பு வர்றதே அத நெனச்சுத்தான்.

அப்புறம் அகலமான நெத்தி, பெரிய கண்ணு, சின்ன வாய். உயரம், அதாவது தரையில இருந்து தோள் மேடு வரைக்கும், 56 இஞ்ச்ல இருந்து 60 இஞ்ச்சுக்குள்ள, பெரும்பாலும் 58 பக்கம். நிறம் செவலை, சாம்பல், மணல் நிறம்னு பல விதமா வரும். மணல் நிறக் குதிரை கிடைச்சா முதுகு நடுவுல பாருங்க, பிடரில இருந்து வால் வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு ஓடும், கால்ல வரிக்குதிரை மாதிரி பட்டை பட்டையா இருக்கும். யாரோ பெயின்ட் அடிச்சுட்டாங்கன்னு ஒருத்தர் ஈரத்துணி வச்சு தேச்சே பாத்தாரு, நான் பக்கத்துல நின்னு சிரிச்சிட்டு இருந்தேன்.

கறுப்புல கத்தியவாரி கிடைக்குமா?

கிடைக்காது. இந்த இனத்துல பரம்பரையாவே கறுப்பு கிடையாதுன்னுதான் சொல்றது. அட்டக்கறுப்ப காட்டி ப்யூர் கத்தியவாரின்னு ஒருத்தர் சொன்னா மார்வாரி ரத்தம் உள்ள இருக்குன்னு புரிஞ்சுக்கங்க. கெட்ட குதிரைன்னு சொல்லல, பேர்தான் தப்பு.

மார்வாரிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

மார்வாரி ராஜஸ்தான், ஜோத்பூர் பக்கம். ஒசரம் ஜாஸ்தி, இப்ப 62, 64 இஞ்ச்லாம் சாதாரணமா வருது, முகம் நீளமா நேரா இறங்கும். கத்தியவாரி கட்டு குட்டையா முகம் குழிஞ்சு இருக்கும், காது வளைவும் கொஞ்சம் கூட. ரெண்டும் அண்ணன் தம்பிதான். முகலாயப் படையோட நடந்த ஹல்திகாட்டி சண்டையில, 1576 ல, மேவார் ராஜா ராணா பிரதாப் ஏறிட்டுப் போன சேதக்ங்கற குதிரை எங்க ஜாதின்னு ரெண்டு ஊர்க்காரங்களும் இன்னிக்கும் மல்லுக்கட்டிட்டு இருக்காங்க, நடுவுல போய் மாட்டிக்காதீங்க.

குதிரை சின்னதா இருக்கே, நான் 85 கிலோ, தாங்குமா?

பொதுவா சொல்ற கணக்கு, குதிரை எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல முதுகுல ஏத்தக்கூடாது, அதுல சேணமும் சேத்தி. குதிரை 350 கிலோன்னா 70 கிலோ. நீங்க 85, சேணம் ஒரு 8 கிலோன்னா கணக்கு ஒதைக்குதுல்ல. தூக்கும், தூக்காம இருக்காது, இந்த ஜாதி வலிக்குதுன்னு லேசுல காட்டிக்காது, அதான் பிரச்சனையே. நாலு வருஷம் கழிச்சு முதுகு உள்வாங்கிட்டு நிக்கும். உங்க எடைய கம்மி பண்ணுங்க, இல்ல ஒசரமான மார்வாரி பாருங்க. சொன்னா கோவிச்சுக்குறாங்க, என்ன பண்றது.

ரேவால் ரேவால்னு சொல்றாங்களே, அது என்ன?

நடைங்க. சாதாரணமா குதிரை துள்ளு ஓட்டம் போறப்ப குறுக்கு மறுக்கா கால் வைக்கும், வலது முன்னங்கால் இடது பின்னங்கால்னு, மேல இருக்கறவன் குலுங்கிட்டே போகணும். ரேவால்ல ஒரே பக்கத்துக் காலு ரெண்டும் ஒண்ண ஒட்டி ஒண்ணு போகும், முதுகு மேல கீழ தூக்கிப் போடாது, படகுல போற மாதிரி வழுக்கிட்டே போகும். இந்த நடை இருந்தா ஒரு நாள் முழுக்க உக்காந்துட்டுப் போனாலும் இடுப்பு தப்பிச்சுடும். கையில சொம்புத் தண்ணி வச்சுட்டு போனா ஒரு சொட்டு சிந்தாதுன்னு அங்க பெருமையா சொல்வாங்க. நானும் ஒரு டீ கிளாஸோட ட்ரை பண்ணேன், பாதி டீ சட்டையில, மீதி பாதிய குடிச்சேன். என் குதிரை மேல தப்பு இல்ல, எனக்குத்தான் உக்காரத் தெரியல.

எல்லா கத்தியவாரிக்கும் ரேவால் வராது. சிலது பொறக்குறப்பவே அந்த நடையோட பொறக்கும், சிலதுக்கு பழக்கணும். காலக் கட்டி பழக்குறேன்னு ஒருத்தர் வந்தா காசு குடுக்காம அனுப்பிடுங்க.

நம்ம வெயிலுக்கு தாங்குமா?

வெயிலுக்கு தாங்கும். தோல் மெலிசு, முடி சின்னது, வேர்வை சட்டுனு காஞ்சு உடம்பு குளிரும். ஈரோடு, கரூர், திண்டுக்கல், மதுரை மாதிரி காஞ்ச ஊர்னா கவலையே இல்ல. கடலோரப் புழுக்கம்தான் கஷ்டம், வேர்வை காயாது, உடம்பு சூடு எறங்காது. அங்க வளக்கறவங்க காத்தோட்டமா கொட்டாய் போட்டு விடியக்காலைல மட்டும் வேலை வாங்கணும். அதவிட ஈரத் தரை மோசம். நாள் முழுக்க சாணி மூத்திரத்துலயே நின்னா குளம்பு அடிப்பக்கம் அழுகி நாத்தம் வரும். காஞ்ச நிலத்துக் குளம்புங்க அது, நல்ல கெட்டி, ஈரத்துலதான் தோக்கும்.

நம்ம ஊர்ல குதிரை செத்துப் போறதுக்கு வெயில் காரணம் இல்ல, நாமதான் காரணம், அதுக்கு ஏழு நூறு வருஷத்துக்கு முந்தின சாட்சி இருக்கு. மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக்கு வந்தப்ப எழுதி வச்சிருக்காரு, ராஜா வருஷத்துக்கு 2000 குதிரைக்கு மேல கடல் வழியா வாங்குறாரு, வருஷக் கடைசியில 100 கூட மிஞ்சுறது இல்ல, இங்க லாடம் அடிக்க ஆள் இல்ல, குதிரைய பாத்துக்கவும் தெரியலன்னு. சோத்துல கறிய போட்டு வேக வச்சு குதிரைக்கு போட்டாங்களாம். படிச்சுட்டு சிரிச்சேன், அப்புறம் போன வருஷம் ஒருத்தர் குதிரைக்கு பிரியாணி ஊட்டுற வீடியோ பாத்தேன், சிரிப்பு நின்னுபோச்சு.

சவாரி தவிர வேற என்னத்துக்கு ஆகும்?

எல்லாத்துக்கும்தான். அந்தக் காலத்துல பட்டாளத்துக் குதிரை. இப்ப குஜராத் போலீஸ்ல குதிரைப்படைக்கு வச்சிருக்காங்க. ஈட்டிய நீட்டிட்டு ஓடி தரையில அடிச்ச மரக்கட்டைய குத்தி எடுக்குற டென்ட் பெக்கிங்ல இது பட்டையக் கிளப்பும், சின்ன எடத்துல சட்டுனு திரும்பி சட்டுனு வேகம் எடுக்கும்ல. தூரப் பயணத்துக்கும் தாங்கும். வண்டியும் இழுக்கும், கல்யாண ஊர்வலத்துக்கும் போகும், அடக்கமா பழக்கினா பசங்க ஏறுறதுக்கும் ஆகும். ரேஸ் கோர்ஸ்ல, ரேஸுக்குன்னே வளக்குற இங்கிலீஷ் தரோபிரெட்டோட ஓட விட்டா மட்டும் தோத்துடும். ஆனா அதே தரோபிரெட்ட கல்லு மேட்டுல முப்பது கிலோமீட்டர் கூட்டிட்டு வாங்க பாப்போம்.

சுழி பாக்கணுமா?

விக்கிறப்ப பாப்பாங்க, அதனால உங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும். சுழின்னா உடம்பு முடி ஒரு எடத்துல சுத்தி வளர்றது. கழுத்துல நீளமா ஓடுற சுழிய வடக்க தேவமன்னு சொல்லி விலைய ஏத்துவாங்க, கண்ணுக்கு கீழ சுழி இருந்தா ஆகாதுன்னு எறக்குவாங்க. நாலு காலும் வெள்ளை, நெத்தியில வெள்ளைன்னா பஞ்சகல்யாணி, கேக்கவே வேணாம், விலை எங்கயோ போயிடும். என்ன கேட்டா, சுழி சரியில்லன்னு பாதி விலைக்கு வர்ற நல்ல கால் உள்ள குதிரைதான் அதிர்ஷ்டம். என்னுதுக்கு கண்ணுக்கு கீழதான் சுழி. வாங்கின வருஷம் எங்க போர்வெல்லு வத்திடுச்சு, உண்மைதான், ஆனா அந்த வருஷம் குதிரை இல்லாத பக்கத்து தோட்டத்துலயும்தான் வத்திச்சு.

அந்தியூர் சந்தையில வாங்கலாமா?

ஆடி மாசம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவுக்கு கூடுற சந்தை, திப்பு சுல்தான் காலத்துல இருந்து நடக்குதுன்னு பெரியவங்க சொல்வாங்க. கத்தியவாரி, மார்வாரி, நுக்ராங்கற வெள்ளைக் குதிரை, நாட்டு மட்டக்குதிரை எல்லாம் வரும். போங்க, பாருங்க, மொத வருஷம் பணம் எடுத்துட்டுப் போகாதீங்க. நான் மொத தடவ வாங்கின குதிரை "அஞ்சு வயசு, ப்யூர் கத்தியவாரி"ன்னு குடுத்தாங்க, காது நல்லா வளைஞ்சிருந்துச்சு, நான் காதையே பாத்துட்டு நின்னேன். வீட்டுக்கு கொண்டு வந்தப்புறம் ஒரு பெரியவர் உதட்ட தூக்கி பல்லப் பாத்துட்டு "தம்பி இது உனக்கு அண்ணன்"னு சொன்னாரு. மேல் ஓரப்பல்லுல ஈறு பக்கமா ஒரு கோடு எறங்கும், அது பத்து வயசு வாக்குலதான் தெரிய ஆரம்பிக்கும், இதுக்கு பாதிப் பல்லு வரைக்கும் எறங்கியிருந்துச்சு. பதினஞ்சு வயசு. தானமா வந்த மாட்டத்தான் பல்லப் புடிச்சுப் பாக்கக்கூடாது, காசு குடுக்குறதுக்கு பாத்தே ஆகணும்.

பால் பல்லு விழுந்து முன்பல்லு மொளைக்கிற கணக்கு ரெண்டரை, மூணரை, நாலரை வயசு, அஞ்சுல வாய் நிறைஞ்சுடும். அது வரைக்கும் பல்லு பொய் சொல்லாது. அடுத்து காலு. கெட்டித் தரையில லகான தளர விட்டு நடத்தச் சொல்லுங்க, அப்புறம் துள்ளு ஓட்டம். தலைய ஒரு எட்டுக்கு தூக்கி அடுத்த எட்டுக்கு எறக்கினா முன்னங்கால்ல வலி இருக்கு. நாலு குளம்பையும் தூக்கிப் பாருங்க, தொட்டுப் பாருங்க, ஒண்ணு மட்டும் சூடா இருந்தா வேணாம். மணலு மேல மட்டும் ஓட்டிக் காட்டுறாருன்னா ஏன்னு யோசிங்க. காது, நிறம், சுழி எல்லாம் இதுக்கப்புறம் பாத்துக்கலாம், காது மேல ஏறி யாரும் சவாரி போறதில்ல.

என்ன தீனி போடுறது? கொள்ளு மட்டும் போதுமா?

பத்தாது. குதிரைக்கு மெயின் சாப்பாடு புல்லுதான், எடையில நூத்துக்கு ரெண்டு பங்கு காஞ்ச தீனி, 350 கிலோ குதிரைக்கு ஏழு கிலோ. வயிறு சின்னது, அதனால ஒரே மூச்சுல கொட்டாம நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா மேயணும். குதிரை மசால் நம்ம பக்கமே வெளையுது, பேர்லயே குதிரை இருக்கு, ஆனா புரதம் ஜாஸ்தி, அளவா கலந்து போடுங்க. கொள்ள ஊற வச்சு, வேக வச்சு ஆற வச்சு கொஞ்சம். சௌராஷ்டிராவுல கம்பும் கடலையும் போடறாங்க, இந்த ஜாதிக்கு கொழுப்பு சீக்கிரம் ஒட்டும், வேலை இல்லாத நாள்ல தானியத்த கொறச்சுடுங்க. பச்சை சோளத்தட்டுல மேய விடாதீங்க, குதிரைக்கு மூத்திரப்பையும் பின்னங்காலும் கெட்டுப் போகும். மாட்டுக்கு, கோழிக்கு விக்கிற ரெடிமேட் தீவனமும் வேணாம், சிலதுல மோனென்சின்னு ஒரு மருந்து கலப்பாங்க, மாடு தாங்கும், குதிரைக்கு இதயமே நின்னுடும். பூசணம் புடிச்ச தீனி எதுவும் கூடாது. தண்ணி ஒரு நாளைக்கு 25 லிட்டராவது, கோடையில 40 ம் போகும்.

நோய் வருமா? எத பாத்து பயப்படணும்?

உறுதியான ஜாதிதான், ஆனா குதிரை குதிரைதான். வயித்து வலி மொதல்ல. குதிரையால வாந்தி எடுக்க முடியாது, உள்ள சிக்கினது சிக்கினதுதான். காலால தரைய பறிக்கும், வயித்த திரும்பி திரும்பி பாக்கும், படுத்து உருளும், சாணி போடாது. உடனே டாக்டருக்கு போன் போடுங்க, பாட்டி வைத்தியம் ட்ரை பண்ணிட்டு ராத்திரி பத்து மணிக்கு எனக்கு போன் போடாதீங்க. டெட்டனஸ் ஊசி கட்டாயம், குதிரைக்கு அது ரொம்ப சுலபமா புடிக்கும், ஒரு ஆணி குத்தினா போதும். சர்ரான்னு ஒண்ணு, கடிக்கிற ஈ பரப்புறது, விட்டு விட்டு காய்ச்சல், கால் வீக்கம், எளைச்சுட்டே போகும்.

எல்லாத்துக்கும் மேல கிளாண்டர்ஸ். மூக்குல சளி, தோல்ல முடிச்சு முடிச்சா புண்ணு, மனுஷனுக்கும் தொத்தும். பாசிட்டிவ்னா அரசாங்கத்துக்கு சொல்லியே ஆகணும், குதிரைய கருணைக்கொலை பண்ணிடுவாங்க, 2009 ல வந்த கால்நடை தொத்து நோய் தடுப்புச் சட்டத்துலயே இருக்கு. அதனால வெளி மாநிலத்துல இருந்து கொண்டு வர்றப்ப ரத்த டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாம வண்டியில ஏத்தாதீங்க. வந்தவுடனே உங்க பழைய குதிரை பக்கத்துல கட்டாம ரெண்டு மூணு வாரம் தள்ளி வைங்க.

முரடா? குடும்பத்தோட பழகுமா?

முரடு இல்ல, ரோஷம். அடிச்சா ஞாபகம் வச்சுக்கும், ரொம்ப நாளைக்கு. அதே மாதிரி நல்லதையும் மறக்காது. ஒரு நாள் விடியக்காலைல வாய்க்கா மேட்டுல போயிட்டு இருந்தோம், நல்ல பனி. திடீர்னு காது ரெண்டும் முன்னாடி குத்திட்டு நின்னுச்சு, குதிரையும் நின்னுடுச்சு. நான் குதிங்கால்ல தட்டுறேன், நகரல. இன்னொரு தடவ தட்டுறேன், ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்புது, இன்னொண்ணு அப்படியே முன்னாடி. எறங்கி நடந்து போய் பாத்தா ராத்திரி மழையில கரை அறுத்துட்டு போயிருக்கு, மேல புல்லு மட்டும் பாலம் மாதிரி தொங்கிட்டு இருக்கு. அன்னில இருந்து அது நின்னா நானும் நின்னுடறது. சொன்னத கேக்குற குதிரை வேணும்னா வேற ஜாதி பாருங்க, இது யோசிக்கிற ஜாதி.

முள்ளு வச்ச கடிவாளம் போட்டாத்தான் அடங்குமாமே?

சட்டப்படி குத்தம். வண்டி இழுக்குற, பாரம் சுமக்குற மிருகங்களுக்கான 1965 விதியிலயே முள்ளுக் கடிவாளம் கூடாதுன்னு இருக்கு. கல்யாண ஊர்வலத்துல ஆடுற குதிரை வாயத் திறந்து பாருங்க, நிறைய குதிரைக்கு நாக்குல தழும்பு இருக்கும். ஆட்டம் இல்ல அது.

இந்த இனம் அழிஞ்சிட்டு வருதா?

மொத்தமாவே குதிரை கொறையுது. நாட்டுல குதிரையும் மட்டக்குதிரையும் சேத்து 2012 கணக்கெடுப்புல 6 லட்சத்துக்கு மேல, 2019 ல 3.4 லட்சம். ஏழு வருஷத்துல கிட்டத்தட்ட பாதி. வண்டி இழுக்குற வேலைய ஆட்டோ எடுத்துக்கிச்சு, மேய்ச்சல் நிலமும் போச்சு. கத்தியவாரிக்கு ஜுனாகத் பக்கம் அரசாங்கப் பண்ணை இருக்கு, ஹிசார்ல தேசிய குதிரை ஆராய்ச்சி மையம் இருக்கு. எண்ணிக்கைய விட எனக்கு பயம் கலப்புதான். எல்லாருக்கும் ஒசரம் வேணும், அதனால மார்வாரியோட சேத்து 62 இஞ்ச் ஆக்குறாங்க, காது இருக்கும், கத்தியவாரி இருக்காது.

துபாய்ல இருக்கேன், ஒண்ணு அனுப்ப முடியுமா?

ஏத்துமதிக்கு கட்டுப்பாடு இருக்கு தம்பி, லைசென்ஸ் இல்லாம நகராது. லீவுக்கு வாங்க, ஓட்டிப் பாக்கலாம்.

ஒரே ஒரு குதிரை மட்டும் வளக்கலாமா?

கூட்டத்துல வாழுற மிருகம், தனியா விட்டா மரத்த கடிக்கும், நின்ன எடத்துலயே ஆடிட்டு நிக்கும். ரெண்டாவது குதிரைக்கு வசதி இல்லன்னா ஒரு ஆடாவது கூட விடுங்க. என்னுது ஒரு வெள்ளாட்டோட சேந்து ரெண்டு வருஷம் இருந்துச்சு. போன தீபாவளிக்கு அவசரமா பணம் வேணும்னு ஆட்ட வித்துட்டேன். அன்னிக்கு ராத்திரி பூரா கனைச்சுட்டே இருந்துச்சு, ரெண்டு நாள் கொள்ளு தொடல. மூணாம் நாள் வாங்கினவர் வீட்டுக்கே போய் நின்னேன், நல்லவேளை இன்னும் வெட்டல. வித்ததுக்கு மேல 1500 ரூபா சேத்து குடுத்துதான் திருப்பிக் கூட்டிட்டு வந்தேன்.